கேம்ப் டைரக்டரை நீக்கிவிட்டார்களா? போராடும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

"பிள்ளைங்க போற கேம்ப்ல டைரக்டரைத் தூக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க." அமெரிக்காவில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு, கோடை விடுமுறை நெருங்கும்போது இப்படியொரு பேச்சு அவ்வப்போது காதில் விழும். அதற்குள் கையெழுத்து வேட்டை தொடங்கியிருக்கும், வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கோ இரவில் தூக்கம் வராது.

பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்த் தங்குகிற, வருஷத்தில் சில வாரம் நடக்கிற கோடை முகாமுக்கு இத்தனை கொந்தளிப்பா என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். முகாம் இந்த நாட்டில் பழைய வழக்கம். கனெக்டிகட்டில் ஃப்ரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் 1861ல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டவெளியில் தங்கவைத்ததைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நியூயார்க் மாநிலத்தின் கேம்ப் டட்லி 1885 முதல் நடந்துவருகிறது. சிறுவயதில் கேம்ப்புக்குப் போனவர், பதினேழு பதினெட்டு வயதில் அங்கேயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'கவுன்சிலர்' ஆகி, பிறகு தன் பிள்ளைகளையும் அதே கேபினுக்கு அனுப்புவார். இந்தத் தொடர்ச்சிக்கு முகமாக இருப்பவர் டைரக்டர். முதல்முறை வீட்டைவிட்டு வந்து அழுகிற பிள்ளை, வேர்க்கடலை பட்டாலே மூச்சு முட்டுகிற பிள்ளை என எல்லாரையும் அவர் அறிவார். ராத்திரி படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையின் விரிப்பை, மற்றவர்கள் எழுவதற்குள் சத்தமில்லாமல் மாற்றச் சொல்லியிருப்பார். அப்படி ஒருவரைத் திடீரென்று காணோம் என்றால் வலிக்கத்தான் செய்யும். அதற்காகக் குரல் கொடுப்பதில் தவறே இல்லை. எதைக் கேட்டுக் குரல் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

முதலில், டைரக்டரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகக் குழுவின் மௌனம். மொன்டானா நீங்கலாக மற்ற மாநிலங்களில் பொதுவான விதி இதுதான்: வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். இனம், மதம், பாலினம், வயது போன்றவற்றுக்காகவோ, புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கவோ நீக்கினால்தான் சட்டம் குறுக்கே வரும். அதோடு, காரணத்தை வெளியே சொன்னால் அவதூறு வழக்கு வருமோ என்ற பயம் குழுவுக்கு இருக்கும். விலகும்போது இருதரப்பும் 'வெளியே பேச மாட்டோம்' என்று கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். ஆகவே குழு பேசாமல் இருப்பதை வைத்து டைரக்டர் தப்பு செய்தார் என்றும் சொல்ல முடியாது, குழு எதையோ மறைக்கிறது என்றும் சொல்ல முடியாது. 'காரணத்தைச் சொல்' என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நிற்கும் போராட்டம் பெரும்பாலும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறது.

பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். இந்த முடிவை யார் எடுத்தார்கள்? முழுக் குழுவும் கூடி வாக்களித்ததா? முகாமின் சொந்த விதிமுறைகள் பின்பற்றப்பட்டனவா? வெளியாள் வைத்து விசாரித்தார்களா? குழந்தைகளின் பாதுகாப்பு தொடர்பான புகார் ஏதும் இருந்ததா, இருந்தால் அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லப்பட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு, யார் பெயரையும் சொல்லாமல், ஆம் அல்லது இல்லை என்று பதில் தர ஒரு பொறுப்பான குழுவால் முடியும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நடைமுறையைக் கேட்டு ஜெயித்த போராட்டத்துக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். அதன் தலைவர் தெரசா சல்லிவன் பதவி விலகுகிறார் என்று 2012 ஜூன் 10ல் அறிவித்தார்கள். பல்கலைக்கழகத்தின் முழு நிர்வாகக் குழுவும் கூடிப் பேசாமலே, குழுவின் தலைவி உறுப்பினர்களிடம் தனித்தனியாகப் பேசி அவரை விலக்க ஆதரவு திரட்டியிருந்தது வெளியே வந்தது. பேராசிரியர் பேரவை அந்தக் குழுவின் மேல் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டது. ஜூன் 26ல் அதே குழு ஒருமனதாக அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. 2014ல், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியின் மார்க்கெட் பாஸ்கெட் மளிகைக் கடைகளில் நடந்தது வேறு விதம். தலைவர் ஆர்தர் டி. டெமூலஸை நீக்கியதும் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள் வேறு கடைகளில் சாமான் வாங்கி, அந்த ரசீதுகளைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட்டின் கண்ணாடியில் ஒட்டினார்கள். கோடை முடிவதற்குள் அவர் திரும்பி வந்தார். அங்கே பேசியது பணம்.

கேம்ப்புக்கு இவை இரண்டும் ஓரளவு பொருந்தும். பல முகாம்கள் லாப நோக்கற்ற அமைப்புகள். அவை ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர்கள் அதில் இருக்கும், பணம் எந்தெந்த வகையில் வருகிறது என்பதும் தெரியும். பெற்றோருக்கு வாக்குரிமை உண்டா என்பதை முகாமின் விதிமுறைகளில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, குழுவே தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தால் ஆயிரம் கையெழுத்துக்கும் சட்டப்படி பலம் கிடையாது. நன்கொடையாளர்களும் முன்பு முகாமில் தங்கி வளர்ந்தவர்களும் சேர்ந்து எழுதும் ஒரு நிதானமான கடிதத்துக்கு அதைவிடக் கனம் அதிகம். இன்னொன்று: 'எல்லாரும் ராஜினாமா செய்யுங்கள்' என்று கவுன்சிலர்களைத் தூண்டாதீர்கள். அவர்களில் பலர் இன்னும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்தவர்களுக்கு வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதே சிக்கலாகிவிடும்.

அப்புறம், சொல்வதற்குக் கடினமான ஒரு விஷயம். போராட்டத்தின் முதல் வேகத்தில் எல்லாரும் எழுதுவது நற்சான்றிதழ். 'அவர் தங்கமான மனிதர், அவரால் அப்படி எதுவும் செய்திருக்கவே முடியாது.' எழுதுபவர்கள் உள்ளன்போடுதான் எழுதுகிறார்கள். ஆனால் நமக்குத் தெரிந்தது அவர் நம்மிடம் நடந்துகொண்ட விதம் மட்டுமே. மிசூரியின் கனக்கக் முகாமில் குழந்தைகளும் பெற்றோரும் கொண்டாடிய ஒரு டைரக்டர், சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களை ஒப்புக்கொண்டு 2010ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். நீக்கப்படும் ஒவ்வொருவரையும் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிதிப் பிரச்சினை, குழுவுக்குள் அதிகாரப் போட்டி, சாதாரண மனக்கசப்பு என்று எதற்காகவும் நல்ல டைரக்டர்கள் வேலை இழக்கிறார்கள். என் கவலை வேறு. எங்கோ ஒரு குழந்தை சொல்லாமல் எதையாவது மனதில் வைத்திருந்தால், ஊரே பதாகை பிடித்து 'அவர் தங்கம்' என்று முழங்குவதைப் பார்த்தபிறகு அது வாய் திறக்காது. 'அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க, என்னை யார் நம்புவாங்க?' இப்படி யோசித்து வருஷக்கணக்கில் மௌனமாக இருந்தவர்கள், பெரியவர்களான பிறகு எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். அதனால் மனுவில் 'நியாயமான விசாரணை வேண்டும்' என்று எழுதுங்கள். 'அவர் குற்றமற்றவர்' என்று எழுதாதீர்கள். டைரக்டர் நிஜமாகவே நல்லவர் என்றால் முதல் வாக்கியம் அவருக்கும் போதும்.

குழந்தைகள் கையில் பதாகை கொடுப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். போராட்டத்துக்குப் போய்வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம், 'பதாகையை நீயே எழுதியிருந்தா என்ன எழுதியிருப்ப?' என்று கேட்டேன். அவள் பிடித்திருந்த பதாகையில் நீதி, வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் இருந்தது. அவள் கேட்க நினைத்ததோ, போன வருஷம் பாதியில் விட்ட ஆழ்நீர் நீச்சல் தேர்வைப் பற்றி. 'இந்த வருஷம் நீ கண்டிப்பா பாஸ் பண்ணிடுவ, நான் கரையில நிப்பேன்னு சொன்னாரு. இப்ப யார் நிப்பாங்க?' பெரியவர்களின் கோபத்துக்குள் அவள் கேள்வி காணாமல் போயிருந்தது. அதற்கு அவள் அம்மா முகாமுக்கு ஒரு போன் போட்டால் பதில் கிடைத்துவிடும். அந்த அம்மாவும் பேசினார், நீச்சல் பயிற்சியாளர் அதே ஆள்தான் என்று தெரிந்தது.

வீட்டில் பேசும்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "அவர் இந்த வருஷம் கேம்ப்ல இருக்க மாட்டார். ஏன்னு எங்களுக்கும் தெரியலை. நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம். உன்னால எதுவும் நடக்கலை." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சிறு பிள்ளைகள் தான் செய்த ஏதோ குறும்பால்தான் அவர் போய்விட்டார் என்று எளிதில் நினைத்துக்கொள்வார்கள். 'திரும்பி வருவாரா?' என்று கேட்டால், நீங்கள் போராடுகிறீர்கள் என்பதற்காக 'வருவார்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, நல்லதோ கெட்டதோ எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒருமுறையாவது சொல்லிவையுங்கள். மனதை உறுத்தும்படி ஏதாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல், கோபப்படாமல் கேளுங்கள். அப்புறம் குழந்தைகள் வதைக்கு எதிரான தேசிய உதவி எண் 1-800-422-4453ஐ அழையுங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை என்று தெளிவானால், குழுவிடம் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: பிள்ளைகள் அவருக்கு எழுதும் கடிதங்களை முகாம் அலுவலகம் வாங்கி அவரிடம் சேர்க்க வேண்டும். வேலைக்குத் திரும்ப எடுக்க மறுக்கும் குழுகூட இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு.