படகு போக வேண்டாம், திமிங்கலம் வரட்டும்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் இருக்கும் சான் இக்னாசியோ காயலுக்குச் சாம்பல் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் கன்று ஈன வருகின்றன. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் ஏறுவது ‘பாங்கா’ என்ற ஃபைபர் படகில். நீளம் ஏறக்குறைய 7 மீட்டர்தான். தாய்த் திமிங்கலமோ 12 முதல் 14 மீட்டர்.

தாய் பட்டினியோடு இருக்கிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஆர்க்டிக் கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொண்டுதான் 16,000 கி.மீ.க்கும் அதிகமான பயணத்தையும் பாலூட்டலையும் அது சமாளிக்கிறது. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. படகு துரத்தினால் வீணாகும் தெம்பு கன்றின் பங்கு. 2016இல் சுமார் 27,000 ஆக இருந்த இந்தத் திமிங்கலங்கள் 2025இல் 13,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. அதனால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திமிங்கலத்தின் மூச்சு இதய வடிவில் பீறிட்டதும் படகின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து, அது போகும் திசையிலேயே போங்கள். முன்னால் குறுக்கே விழக்கூடாது, தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகவே கூடாது. பிறகு நியூட்ரல். மோட்டாரை அணைக்காமல் விடுவது வழக்கம்: படகு எங்கே நிற்கிறது என்று சத்தம் திமிங்கலத்துக்குக் காட்டிக்கொடுக்கும், நியூட்ரலில் படகின் விசிறியும் (புரொப்பெல்லர்) சுழலாது.

கன்று விளிம்பை உரசியதும் எல்லோரும் ஒரே பக்கம் பாய்கிறார்கள். படகு சாய்வது அப்போதுதான். உட்கார்ந்தபடி முறை வைத்துப் பாருங்கள். 1972இல் பச்சீக்கோ மயோரால் என்ற மீனவரின் படகருகே ஒரு திமிங்கலம் தானாக வந்தது, அவர் தொட்டுப் பார்த்தார். தானே வருவதைத் தொடும் வழக்கம் இங்கே அப்படித்தான் வேரூன்றியது. அமெரிக்கக் கடலில் தொடுவது குற்றம். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள், கையிலுள்ள சன்ஸ்கிரீனைக் கரையிலேயே கழுவிவிடுங்கள். கண், வாய், மூச்சுத்துளை பக்கம் கை போகக்கூடாது. தோலில் ஒட்டிய கொட்டலசுகளை (ஓடுள்ள சிறு கடலுயிர்களை) பிய்க்காதீர்கள்.

தாய் குறுக்கே வந்து கன்றை மறைத்தாலோ, வாலால் நீரை அறைந்தாலோ உடனே விலகுங்கள். 19ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர்களின் படகுகளைக் கன்றுக்காக நொறுக்கிய இனம் இது. ‘பேய் மீன்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கிளம்பும்போதுதான் கவனம் தப்பும். நீர்ப்பரப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் தெரிந்தால், அங்கே சற்றுமுன் வால் அசைந்திருக்கிறது, திமிங்கலம் அருகில்தான் இருக்கும். தாயும் கன்றும் படகைவிட்டு விலகி மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கியர் போடுங்கள்.