மீப்பிள்: பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஆளுக்குத் தமிழில் என்ன பெயர்?

போர்டு கேம் வாங்க இணையக் கடைகளில் தேடுகிறவர்கள் எப்படியும் இந்தச் சொல்லில் வந்து முட்டுவார்கள். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். சீட்டு இத்தனை, பகடை இத்தனை என்று படித்துக்கொண்டே வரும்போது 'மர மீப்பிள் 40' என்று ஒரு வரி வரும். முதல்முறை வாங்குகிறவருக்கு அது சாப்பிடும் பொருளா, விளையாடும் பொருளா என்றே புரியாது.

மீப்பிள் என்பது மனித வடிவில் வெட்டிய சின்ன ஆட்டக்காய். கையை விரித்து, காலை அகட்டி நிற்கும். உயரம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். முகம், கண், மூக்கு எதுவும் கிடையாது. நிறத்தை வைத்துத்தான் எந்தக் காய் யாருடையது என்று தெரியும்.

இந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 'கார்கசோன்' என்ற விளையாட்டு. பிரான்சில் உள்ள பழைய கோட்டை நகரத்தின் பெயர் அது. விளையாட்டை உருவாக்கியவர் கிளாவுஸ் யூர்கன் விரேடே என்ற ஜெர்மானியர். 2000இல் வெளிவந்து, அடுத்த வருடமே ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியது. சதுர அட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் கோட்டை, சாலை, வயல் என்று ஒரு நாட்டையே மேசைமேல் விரிப்பதுதான் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் 8 காய்கள். ஒன்று புள்ளிக் கணக்குக்குப் போய்விடும். மீதி 7 களத்தில் இறங்கும். கோட்டைக்குள் வைத்தால் அந்தக் காய் வீரன், சாலையில் வைத்தால் வழிப்பறிக்காரன், மடத்தில் வைத்தால் துறவி. வயலில் படுக்கப் போட்டால் உழவன். ஒரே மரத்துண்டு இருக்கும் இடத்தை வைத்து வேறு வேறு ஆளாகிவிடுகிறது. எனக்கு அந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்.

இவ்வளவு புகழ்பெற்ற காய்க்கு முதலில் இந்தப் பெயர் இல்லை. ஜெர்மன் விதிப்புத்தகம் அவர்களைப் பரிவாரத்தார் என்ற பொருளில் அழைத்தது. ஆங்கிலத்தில் 'பின்தொடர்வோர்' என்று போட்டார்கள். 2000 நவம்பரில் அலிசன் ஹான்செல் என்ற ஆட்டக்காரர் கார்கசோன் விளையாடும்போது 'மை', 'பீப்பிள்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி 'மீப்பிள்' என்றார். 'என் ஆட்கள்' என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். ஆட்டக்காரர்களுக்குள் பரவிய அந்தச் சொல் கடைகளுக்கும் வந்து, பிறகு விதிப்புத்தகங்களுக்குள்ளும் ஏறியது. இன்று எந்த நிறுவனத்தின் ஆட்டமாக இருந்தாலும், மனித வடிவ மரக்காய் என்றால் மீப்பிள்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நம் மொழிக்கு இந்த இடத்தில் புதுச்சொல் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 'காய்' இருக்கிறது. தாயத்தில் காய், சதுரங்கத்தில் காய், ஆடுபுலி ஆட்டத்தில் காய். கேரம் ஆடும்போது ஆங்கிலத்திலிருந்து வந்த 'காயின்' என்ற சொல் இருந்தும், பலர் வாயில் அதுவும் காயாகவே ஆகிவிட்டது. கீழடியில் கிடைத்த சுடுமண் துண்டுகளைப் பற்றி எழுதும்போதும் 'ஆட்டக்காய்கள்' என்றுதான் எழுதுகிறோம்.

விளையாட்டுப் பொருளுக்கு ஏன் செடியில் காய்ப்பதன் பெயர்? நம் ஆட்டங்களில் உண்மையான காய்களும் கொட்டைகளும்தான் புழங்கின. சங்கப் பாடல்களில் பெண்கள் மணலில் கழங்கு ஆடுவார்கள். கழங்கு என்பது கழற்சிக்காய். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இன்றும் உண்டு. கையில் எடுத்து ஆடியது காய் என்பதால், பின்னால் மரத்திலும் தந்தத்திலும் செய்ததற்கும் அதே பெயர் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைவிட அழகு, தாயத்தில் அந்தச் சொல் வளர்ந்த விதம். சுற்றி முடித்து நடுக்கட்டத்தில் ஏறிவிட்ட காயைப் 'பழம்' என்போம். 'ரெண்டு பழுத்தாச்சு, இன்னும் ரெண்டு பாக்கி' என்று கணக்குச் சொல்வோம். வெட்டுப்பட்ட காய் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். ஆட்டத்தின் போக்கு முழுவதையும் ஒரு செடியின் வாழ்க்கையாகவே சொல்லிவிடுகிற சொல் இது. அப்புறம் ஆட்டத்தை விட்டு வெளியேயும் வந்துவிட்டது: அரசியலில் ஒருவர் திட்டமிட்டுச் செயல்பட்டால் 'காய் நகர்த்துகிறார்' என்று செய்தித்தாள் எழுதுகிறது.

'போன்' (pawn) என்ற ஆங்கிலச் சதுரங்கச் சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். லத்தீனில் காலால் நடக்கும் படைவீரனைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது. அலுவலகத்துப் 'பியூன்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். நம் சதுரங்கத்தில் அந்தக் காய்க்குக் 'காலாள்' என்று பெயர். பொருள் அப்படியே ஒன்று.

ஆனால் வாங்குகிறவருக்கு வெறும் 'காய்' போதாத இடமும் உண்டு. மர ஆள், அட்டையில் படம் அச்சிட்டு நிற்க வைத்த ஆள், பிளாஸ்டிக்கில் நுணுக்கமாக வார்த்த பொம்மை ஆள் என்று மூன்று வகை விற்கிறார்கள். பொம்மை வகை சேர்ந்தால் பெட்டியின் விலை நன்றாக ஏறிவிடும். அதனால் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். மீப்பிளுக்கு நான் 'ஆட்காய்' என்று எழுதுகிறேன். ஆள் வடிவில் உள்ள காய் என்பது ஒரு பொருள். 'நம்ம ஆள்', 'என் ஆள்' என்று நாம் சொல்லும் உரிமையும் அதற்குள் இருக்கிறது. அலிசன் ஹான்செல் ஒட்டிய இரண்டு சொற்களும் அதைத்தானே சொல்கின்றன. மற்ற இரண்டும் அட்டைக்காய், பொம்மைக்காய். வட்ட வட்டமாக வருபவற்றுக்கு 'வில்லை' பொருந்தும். 'மனித உருவ விளையாட்டுக் குறியீடு' போன்ற நீள மொழிபெயர்ப்புகளை ஆட்டத்தின் நடுவே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

போன விடுமுறையில் அக்கா மகளுக்குக் கார்கசோன் வாங்கிப் போயிருந்தேன். வேறொருவர் ஆடிய பழைய பெட்டி. எண்ணிப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. மஞ்சளில் இரண்டு குறைந்தது. பெயர் எதுவும் நான் சொல்லித்தரவில்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதும் அவளே கேட்டாள்: "மாமா, மஞ்சக் காய் ரெண்டு காணோமே, புளியங்கொட்டை வச்சுக்கலாமா?" அன்று அப்படியே வைத்து ஆடினோம். புளியங்கொட்டையை வயலில் படுக்க வைப்பதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பழைய கார்கசோன் பெட்டி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் இப்படிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: 'ஆட்காய் 40, ஐந்து நிறம், நிறத்துக்கு 8.'