படியின் விளிம்பு தெரியாத கண்

இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்தபடி வரும் முதியவர்களிடம் "எப்படி விழுந்தீங்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பிள்ளைகள்தான் பதில் சொல்வார்கள்: "வயசுதானே, தலை சுத்தியிருக்கும்." மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை தொடங்கிய நாட்களில் நானும் அதோடு விட்டுவிடுவேன்.

கல்லடிப் பக்கமிருந்து வந்த ஒரு பெத்தாதான் (பாட்டி) அதை மாற்றினார். கால் நன்றாகத் தேறியிருந்தது. சமதரையில் தடுமாறாமல் நடந்தார். பயிற்சிப் படியில் இறங்கும்போது மட்டும் கடைசிப் படியில் நின்று பெருவிரலால் தரையைத் தேடுவார். "நோகுதா பெத்தா?" என்றேன். "நோகல்ல மனே, எது படி, எது நிலம் எண்டு விளங்குதில்ல." இரண்டு கண்ணிலும் கண்புரை, வெள்ளை படர்ந்திருந்தது. அது வீட்டாருக்கும் தெரியும். "முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்று இரண்டு வருடமாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

கண் பரிசோதனை அட்டையில் இருப்பது வெள்ளையில் கறுப்பு எழுத்து. புரை உள்ளவரும் அதை ஓரளவு வாசித்துவிடுவார். வீட்டுப் படியோ சாம்பல் சீமெந்தில் சாம்பல் விளிம்பு. அந்தச் சிறிய வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் திறனைத்தான் புரை கெடுக்கிறது. வெளிச்சக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். நடுப்பகலில் வெள்ளை மணல் வளவிலிருந்து வீட்டுக்குள் கால் வைக்கும் அந்தக் கணத்தில் நிலைப்படி கண்ணில் படாமலே போய்விடும். பேப்பர் வாசிக்கிறாரே, கண்ணுக்கு என்ன குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

"முத்தட்டும்" என்பது பழைய சத்திரசிகிச்சை முறைகளின் காலத்துப் பேச்சு. இன்று அது தேவையில்லை. அளவுக்கு மீறி முத்தினால் கண்ணின் வில்லை இறுகி, சிகிச்சைதான் சிக்கலாகும். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 70 வயது தாண்டிய பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. முதல் கண்ணுக்கான புரைச் சிகிச்சையை விரைவாகப் பெற்றவர்கள், ஒரு வருடம் காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். காத்திருக்கும் காலத்தில்தான் எலும்பு முறிகிறது என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கண் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை, சீனி வருத்தம், கால் பலவீனம் எல்லாம் உண்டு. ஆனாலும் கண்ணைத்தான் யாரும் கேட்பதில்லை. கிளினிக்குக்குப் போனால் "அம்மா இந்த வருடம் இரண்டு தரம் விழுந்தவ" என்று கண் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கண் முடிந்ததும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஆழம் கணிப்பது கஷ்டம். புதுக் கண்ணாடி போட்ட முதல் சில வாரங்களிலும் கவனம் வேண்டும். இரட்டைக் குவியக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வாசிப்பதற்கானது. அதன் வழியே கீழே பார்த்தால் படி கலங்கித் தெரியும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது பெரிய செலவில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு லைட். மாரி தொடங்கினால் கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், பெத்தா விழுந்ததும் அங்கேதான்.

அவருடைய பேரன் படிகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டான். இடது கண் முடிந்தது. வலது கண்ணுக்கும் திகதி கொடுத்திருக்கிறார்கள்.