கத்திக் கத்தி அடங்கினால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை

கோரைப்பல் உடைந்து, ஈறு கிழிந்து, முன்னங்கால் நகம் பிய்ந்த நிலையில் இன்னொரு லாப்ரடார் நாய் என்னிடம் சிகிச்சைக்கு வந்தது, எட்டு மாதக் குட்டி. வீட்டில் பழக்குவதற்காக அடைத்த கூண்டின் கம்பியைக் கடித்துத்தான். "ராத்திரி பூரா கத்துச்சு டாக்டர், ரெண்டு நாள் கத்திட்டுப் பழகிடும்னு சொன்னாங்க, விட்டுட்டோம்." யார் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாள் அடங்கிப்போன குட்டி பழகவில்லை, எவ்வளவு கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: எச்சில் வடிந்து நெஞ்சு முடி நனைந்திருக்கும், ஃபேன் ஓடும்போதும் மூச்சிரைக்கும், வைத்த பிஸ்கட் தொடாமல் கிடக்கும். நிஜமாகப் பழகின நாய் கதவு திறந்திருக்கும்போதே தானாக உள்ளே போய் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். சத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து "சமத்தாயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

கூண்டுக்குப் பழக்குவது ஒன்றும் வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் கதவைத் திறந்தே கட்டி வையுங்கள், சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள், சில நாள் அவ்வளவுதான். அப்புறம் சாப்பிடும்போது மட்டும் சாத்தி, முடித்ததும் திறந்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நீங்கள் அதே அறையில் இருக்கும்போது. குட்டி அழுதால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், முந்தைய நேரத்துக்கே திரும்புங்கள். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். செருப்பைக் கடித்தது என்று இழுத்துக்கொண்டு போய் அடைத்தீர்களானால் இத்தனையும் வீண்.

கூண்டுக்குள் தலை குனியாமல் நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அடியில் வெறும் கம்பி கூடாது, விரலிடுக்கில் புண் வரும். உள்ளே விடும் முன் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். மொட்டை மாடி, தகரக் கூரை, வெயில் விழும் போர்ட்டிகோ, வேண்டவே வேண்டாம். நாயின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 106 ஆனால் சிறுநீரகம், ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கத் தொடங்கும், அதிலும் பக், ஷிட்ஸூ மாதிரி சப்பை மூக்கு நாய்கள் தாங்கவே தாங்காது.

மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. வளர்ந்த நாயைக்கூட பகலில் நான்கைந்து மணி நேரம் தாண்டிப் பூட்டாதீர்கள். காலையில் பூட்டிவிட்டு ஆபீஸ் போய் இருட்டியபின் திறப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், எந்நேரமும் அடைத்தே வைத்திருக்கும் நாயை வெளியே நடமாட விடாததும் குற்றம்.

தனியே விட்டாலே அலறும் நாய் என்றால் கூண்டே வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி கூண்டு நல்லதுதான், எலும்பு முறிந்து தகடு வைத்த நாயை வாரக்கணக்கில் அசையாமல் பார்த்துக்கொள்ள அதைவிட வசதி கிடையாது. தீபாவளி வெடிக்குப் பயப்படும் நாய்க்கும், போர்வை போர்த்தி, கதவைத் திறந்தே வைத்த கூண்டு நல்ல ஒதுங்கிடம். ஆனால் அதற்கு முந்தின வாரம் வாங்கி வந்து நிறுத்தினால் எதுவும் நடக்காது, இப்போதே ஆரம்பியுங்கள்.