கரண்ட் பிடித்தால் மட்டும் கால் நடக்காது

பனையால் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்ட ஒருவரைப் போன கிழமை எங்கள் பிசியோ பிரிவுக்கு வீட்டார் கூட்டி வந்தார்கள். பயிற்சிக்கு அல்ல, தொடையில் வந்த புண்ணுக்கு. கனடாவிலிருந்து மருமகன் அனுப்பிய, தோலில் பேட் ஒட்டித் தசைக்குக் கரண்ட் கொடுக்கும் மெஷின் செய்த வேலை. "ஒண்டும் தெரியேல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல வீட்டார் கரண்டை ஏற்றியிருக்கிறார்கள். உணர்ச்சியே இல்லாத காலில் என்ன தெரியும்? பேட்டின் ஜெல் காய்ந்து ஓரம் மட்டும் ஒட்டியிருந்த இடத்தில், இரண்டு ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் வெந்து கறுத்துவிட்டது. இப்படி வருகிறவர் இவர் முதலாள் அல்ல.

கரண்ட் போனால் செத்த நரம்பு உயிர்க்கும், கூடப் போனால் கெதியாக உயிர்க்கும் என்ற நினைப்பு எங்கள் சனத்திடம் ஊறிப்போயிருக்கிறது. அது பிழை. பாரிசவாதத்தில் காலுக்குப் போகும் நரம்பு நன்றாகவே இருக்கிறது. மூளையின் கட்டளைதான் வந்து சேர்வதில்லை. முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, காயப்பட்டாலும் பலருக்கு இதே கதைதான். அந்த நல்ல நரம்பைத் தூண்டித்தான் நாங்கள் தசையைச் சுருக்குகிறோம். 1961இல் லிபர்சன் என்ற டொக்டர், பாதம் தொங்கி நடந்தவர்களின் சப்பாத்துக் குதியில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதி நிலத்தை விட்டதும் கரண்ட் வந்து பாதத்தைத் தூக்கியது. எங்கள் பயிற்சியில் அந்த நொடியில் நோயாளியும் தூக்க முயல வேண்டும். ரீவி பார்த்தபடி அரை மணித்தியாலம் கரண்ட் பிடித்தால் தசை துடிக்கும், மூளை ஒன்றும் பழகாது. தசைக்குப் போகும் நரம்பே அறுந்திருந்தால் இந்த மெஷினுக்குத் தசை அசையாது.

அப்புறம், கால் வழங்காத ஒருவர் கரண்டால் நடக்கிறார் என்று எல்லோரும் போனில் காட்டும் அந்த வீடியோ. 2023இல் வெளியான ஆய்வில், முண்ணாண் அடிபட்ட நெதர்லாந்துக்காரர் ஒருவர் நடந்தது உண்மைதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் கூர்டீன், ப்ளோக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அவருடைய மூளையின் மேலும் முண்ணாணின் மேலும் மின்முனைகளைச் சத்திரசிகிச்சை செய்து பதித்தார்கள். கூடவே நீண்ட பயிற்சி. தோலில் ஒட்டி முண்ணாணைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுவும் கழுத்தில் முண்ணாண் முழுதாக அறுபடாதவர்களின் கைப் பலத்துக்கும் உணர்ச்சிக்கும், பயிற்சியோடு சேர்த்துத்தான். நோவுக்கு வைக்கவென்று கடையில் வாங்கும் கரண்ட் மெஷின் வேறு சாமான்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்க வேண்டாம். கழுத்தின் முன்பக்கம் யாருக்கும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம், முதலில் டொக்டரிடம் போங்கள். சலரோகக்காரருக்கு ஒட்டும் இடத்தைப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கே ஒட்டாதீர்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ முண்ணாண் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை இடித்து, முகம் சிவந்து வியர்த்தால் உடனே மெஷினை நிறுத்தி, நிமிர்த்தி இருத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். பிரஷர் ஏறுகிறது, தாமதிக்காதீர்கள்.

மெஷினை வாங்கியாயிற்றா? சரி, எறிய வேண்டாம். மெஷினையும் பேட்டையும் பெட்டிக்குள் இருந்த கடதாசியையும் எடுத்துக்கொண்டு, நோயாளியோடு பக்கத்து ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவுக்கு வாருங்கள். எங்கே ஒட்டுவது, எவ்வளவு வைப்பது, கரண்ட் வரும்போது அவர் எதை அசைக்க முயல வேண்டும் என்று காட்டித் தருவோம். தயவுசெய்து அதற்கு முதல் ஒட்டாதீர்கள்.