கத்தரிக்காய் மீது பழி போடாதீர்கள்

எப்பாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாட்டிலைக் கலந்தால் இறுகும் பசை) ஒத்துக்கொள்ளாமல் இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வந்தவருக்கு 34 வயது, ஐடி வேலை. இரண்டு கண் இமையும் வீங்கிக் கிடந்தன. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, நடுவே வெடிப்பு. கூடவே அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள், "சூட்டு உடம்பு டாக்டர் இவனுக்கு. கத்தரிக்கா, கருவாடு, எறா எல்லாத்தையும் நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. அப்பவும் வந்துட்டேதான் இருக்கு" என்றார்.

ஆறு மாதம்! பாவம், மீன் பிடிக்கிற பிள்ளை.

"சனி, ஞாயிறு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். வீங்கின இமையோடு முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துக் காட்டினார். சொந்தமாகத் தூண்டில் ராடு கட்டுகிறார். கார்பன் பிளாங்க் (ராடின் வெறும் கம்பு) வாங்கி, கார்க் பிடியும் ரீலைப் பொருத்தும் சீட்டும் ஒட்டி, கைடுகளின் (தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள்) கால்களை நூலால் சுற்றி, அதன் மேல் எப்பாக்ஸி பூசி, சின்ன மோட்டாரில் ராடை மெதுவாகச் சுழலவிட்டுக் காயவைக்கிறார். பச்சை நூலுக்கு நடுவே தங்க நிறத்தில் இரண்டு இழை, மேலே கண்ணாடி மாதிரி பூச்சு. முட்டுக்காட்டில் கொடுவா பிடிக்கவாம். நிஜமாகவே அழகான வேலை. "நூல் இடுக்கில் எப்பாக்ஸி இறங்க எதால் தள்ளுவீங்க?" என்றேன். அந்த வெடித்த கட்டைவிரலையே நீட்டினார்.

வீக்கம் வடிந்து சில வாரம் கழித்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சந்தேகப் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டிவைக்கும் பேட்ச் டெஸ்ட் செய்தோம். (சென்னை வியர்வையில் 48 மணி நேரம் அது உரியாமல் இருப்பதே பெரும்பாடு.) எடுக்கும்போதே எப்பாக்ஸி ரெசின் வைத்த இடம் சிவந்திருந்தது. நான்காம் நாள் பார்த்தால் தடித்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். இவ்வளவுக்கும் அங்கே வைத்தது ஒரு சதவீத ரெசின்தான். அவர் விரலில் தொட்டது கலப்படமில்லாத அசல் சரக்கு.

இப்போது கத்தரிக்காய்க்கு வருகிறேன். சாப்பாட்டு ஒவ்வாமை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எறா ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். தடிப்பு தடிப்பாக எழும், இடம் மாறும், ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் அடங்கும். விரல் நுனியை மட்டும் தேர்ந்தெடுத்து வெடிக்க வைக்காது. எப்பாக்ஸி ஒவ்வாமை நேர் எதிர். தொட்ட அன்று ஒன்றுமே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம். பிறகு வாரக்கணக்கில் உரிந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை ராத்திரி பூசினால் திங்களன்று இமை வீங்கும். திங்களன்று வீங்கினால் வீட்டில் எதைக் குற்றம் சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை. இப்படித்தான் ஒரு பாவமும் அறியாத கருவாடு ஆறு மாதம் தண்டனை அனுபவிக்கிறது.

அடுத்து எல்லோரும் சொல்வது: "மூணு வருஷமா இதே எப்பாக்ஸிதானே டாக்டர், இப்ப மட்டும் எப்படி?" மூன்று வருடமாகத் தொட்டதால்தான் ஐயா. முதல் தடவையே வருவது அபூர்வம். திரும்பத் திரும்பத் தொட்டுப் பழகிய பிறகுதான் உடம்பு முரண்டு பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் ஆயுள் முழுக்க விடாது. வாசனையே இல்லையே என்பதும் வாதம் இல்லை. ஒவ்வாமைக்கு வாசனை தேவையில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூபை இமையில் மாதக்கணக்கில் தேய்க்காதீர்கள். கண் அழுத்தம் ஏறலாம். இதைத் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு நாள்.

சரி, ராடு கட்டுபவர்களுக்கு. நைட்ரைல் கையுறை போடுங்கள். லேட்டக்ஸ் வேண்டாம், எப்பாக்ஸி அதில் ஊடுருவிவிடும். பார்சல் கடைப் பாலிதீன் உறை கதைக்கே ஆகாது. மெல்லிய நைட்ரைலும் நிரந்தரக் கவசம் அல்ல. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் உடனே மாற்றுங்கள். அதே கையோடு போனை எடுக்காதீர்கள், கண்ணாடியைச் சரிசெய்யாதீர்கள். இமைக்கு அது போகிற முக்கியமான வழியே அதுதான். விரலால் தடவுவதை இன்றோடு நிறுத்துங்கள், பிரஷ் எதற்கு இருக்கிறது? மேலே பட்டால் சோப்பு, தண்ணீர் போதும். அசிட்டோன், தின்னர் போட்டுத் துடைத்தால் தோலின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து போய், எப்பாக்ஸிக்கு நீங்களே கதவு திறந்துவிட்ட மாதிரி.

ஏசி போட்ட மூடிய படுக்கையறையில் பூசாதீர்கள். இரண்டு பாட்டிலையும் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள். அளவு தப்பினால் பூச்சு முழுக்க இறுகாது, பிசுபிசுவென்று நிற்பதை வாரக்கணக்கில் தொட்டுக்கொண்டிருப்பீர்கள். நன்றாக இறுகினது பெரும்பாலும் சாது. ஆனால் அவசரப்பட்டு அடுத்த நாளே உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் முகத்தில் படியும். ஒரு வாரம் பொறுங்கள், ஈரம் பண்ணித் தேயுங்கள், என்95 போடுங்கள். பிளாங்க்கை அறுக்கும்போதும் அப்படியே. கார்பன் சிலாம்பு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, குத்தல் மட்டும் போகாது.

"அப்ப யூவி விளக்கில் காயும் பூச்சுக்கு மாறிடலாமா?" என்று அவர் கேட்டார். அதில் இருப்பது அக்ரிலேட் என்கிற ரசாயனம். ஜெல் நெயில் போட்டு விரல் வெடித்து வருகிற பெண்களிடம் நான் பார்ப்பது அதே சரக்கு. ஒரு ஒவ்வாமையை விட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்வானேன்?

மற்ற மூவரில் இருவர் ரெசின் ஆர்ட் (எப்பாக்ஸியை ஊற்றிச் செய்யும் அலங்காரப் பொருள்கள்) செய்பவர்கள். ஒருவர் தரைக்கு எப்பாக்ஸி போடும் தொழிலாளி. அவருக்கு அது பிழைப்பு, விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராடு கட்டுகிறவருக்கு வழி இருந்தது. நூல் சுற்றுவது, கார்க் இழைப்பது, கைடு அளந்து வைப்பது எல்லாம் அவர். ஒட்டுவதும் பூசுவதும் நண்பர் வீட்டில், நண்பர் கையால். வீட்டில் இனி அரால்டைட் குழைப்பதும் வேறு யாராவதுதான், அதுவும் எப்பாக்ஸியே. எறா தொக்கு திரும்பி வந்துவிட்டது. அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

உங்களுக்கும் இப்படி இருந்தால் தோல் மருத்துவரிடம் போகும்போது இரண்டு பாட்டில் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தயவுசெய்து பாட்டிலைக் கொண்டு போகாதீர்கள். ஒருவர் கொண்டுவந்து, மூடி சரியாக மூடாமல், என் மேசையில் ஒழுகவிட்டார். ஸ்டெதஸ்கோப் இன்னும் பிசுபிசுக்கிறது.