போனிலேயே நோயாளியின் நிலைமையை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்காக, நன்கொடையையும் தன்னார்வலர்களையும் நம்பி ஓடுகிற இலவச கிளினிக்குகள் சுமார் 1,400 இருக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இவற்றுக்கு ஒரு விசித்திரமான சிக்கல்: அங்கே வந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர்களிலும் நர்ஸுகளிலும் நிறையப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், அதாவது அந்த வைரஸ் சுலபமாகச் சாய்த்துவிடுகிற வயதுக்காரர்கள். அவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும், கிளினிக்கும் நடக்க வேண்டும். மிச்சம் இருந்த வழி போன்தான்.

வீடியோ இல்லையா என்றால், இருந்தது. ஃபேஸ்டைம், ஸ்கைப் மாதிரி சாதாரணச் செயலிகளில் நோயாளியைப் பார்த்தாலும் தனியுரிமைச் சட்டப்படி அபராதம் போட மாட்டோம் என்று மார்ச் 17 அன்று அமெரிக்க சுகாதாரத் துறையே அறிவித்தது. ஆனால் போனில் டேட்டாவே போடாதவருக்கு அதனால் என்ன லாபம்?

சரி, அழைப்பு எப்படிப் போகிறது? கிளினிக் நம்பரை அழைத்தால் இணையத்தில் இருக்கும் ஒரு சர்வர்தான் எடுக்கும். ஆங்கிலத்துக்கு 1, ஸ்பானிஷுக்கு 2 என்று சொல்லும். ஒவ்வொரு பட்டனும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது, 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு). பேச்சுக் குரலில் இப்படி ஒரு ஜோடி தற்செயலாக அமைவது அபூர்வம் என்பதால் சர்வர் குழம்புவதில்லை. அப்புறம் அது தன்னார்வலர்களின் வீட்டு போன்களை வரிசையாக அடிக்கும். அவர்கள் திரும்ப அழைத்தாலும் நோயாளிக்குத் தெரிவது கிளினிக் நம்பர் மட்டும்.

எடுக்கிறவர் முன்னால், கணினித் திரையில், ஒரு கேள்விப் பட்டியல். அங்கே பல கால் சென்டர்களில் ஓடுவது பார்ட்டன் ஷ்மிட், டேவிட் தாம்சன் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய நெறிமுறை. ஷ்மிட் குழந்தைகளுக்கு, தாம்சன் பெரியவர்களுக்கு. இதில் சூட்சுமமே கேள்விகளின் வரிசைதான். மூச்சுத் திணறுகிறதா, நெஞ்சில் அழுத்துகிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, ஆள் குழம்பிப் பேசுகிறாரா என்று உயிருக்கு ஆபத்தானவைதான் முதலில். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மீதியைக் கேட்க வேண்டாம், உடனே 911, அதாவது அமெரிக்காவின் அவசர உதவி எண். எல்லாமே இல்லை என்றால்தான் காய்ச்சல் எத்தனை நாள், சர்க்கரை உண்டா என்று இறங்குவார்கள்.

காதுக்கும் வேலை உண்டு, ஆனால் அளவோடு. வழக்கமான போன் லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலே உள்ள மெல்லிய மூச்சுச் சத்தமெல்லாம் வழியிலேயே போய்விடும். அதனால் நர்ஸ் கவனிப்பது, ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் முடிக்கிறாரா என்பதை. மூச்சை இழுத்து 30 வரை எண்ணச் சொல்லும் ரோத் ஸ்கோர் என்ற முறையும் 2020-இல் சுற்றியது. போனில் அது சரியாக வேலை செய்யும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, பயன்படுத்தாதீர்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

கொரோனாவில் இன்னொரு தொல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக இறங்கியிருந்தும் சிலர் தெம்பாகவே பேசுவார்கள். அறிகுறி தொடங்கி ஒரு வாரம் கழித்துத் திடீரென்று மோசமாகிறவர்களும் உண்டு. ஆகவே ஒரே அழைப்போடு விட முடியாது. யாரை எந்த நாளில் திரும்ப அழைப்பது என்று கணினி நினைவூட்ட வேண்டும், வீட்டில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருக்க வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை: தோல் வழியாக ஒளியைப் பாய்ச்சி அளக்கிற கருவி என்பதால் நிறம் குறுக்கே வருகிறது. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை இது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு 2020 டிசம்பரில் காட்டியது.

என் பார்வையில் பெரிய பிரச்சினை வேறு. சந்தேகமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு என்பதுதான் இந்த நெறிமுறைகளின் போக்கு. காப்பீடு இருப்பவருக்கு அது பாதுகாப்பான பேச்சு. இல்லாதவரோ பில்லை நினைத்துப் பயந்து, சரி என்று போனை வைத்துவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பார். 1986-ஆம் வருடச் சட்டப்படி அவசரப் பிரிவு பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே தீர வேண்டும். ஆனால் பில் பின்னால் வரும். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் கட்டண உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது, கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும். இந்த இரண்டையும் திரையில், 911 என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே நர்ஸ் வாசிக்கிற மாதிரி எழுதி வைக்காத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் ஒரு தொண்டு கிளினிக் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.